அத்தை கிழித்த வியாழக்கிழமை

நம் வயதுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். முதலில் முழங்கால், அப்புறம் மாத்திரை, அப்புறம் யாருக்கு என்ன மறந்துபோனது என்ற கதை. போன வாரம் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே அரைமணி நேரம் தேடினேன். என் மகன் சிரிக்கவில்லை. மருமகளை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அப்பா என் சித்தப்பாவை அப்படிப் பார்த்தார். அன்றைக்கு அது என் அத்தையைப் பற்றிய பார்வை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் மாமா போய்விட, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தா.பழூர் பக்கம், வாய்க்காலுக்கு இந்தப்புறம் எங்கள் ஊர். அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அவர்கள் இருவருக்கும் பெண் பார்த்ததும் அவளே. பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மாவைப் பாடச் சொல்லாமல், நடக்கச் சொல்லாமல், "ஒரு சொம்பு தண்ணி எடுத்தா தாயி" என்று மட்டும் கேட்டாளாம். சொம்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பொண்ணு சுத்தக்காரி" என்று தட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாளாம்.

இடுப்பில் ஒரு பித்தளை வளையம் தொங்கும். அதில் ஆறு சாவிகள். நெல் அறை, சாமான் அறை, பீரோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவள் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். நாங்கள் பிள்ளைகள் அவசர அவசரமாக வெல்லத்தை முழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வோம். "வாயத் தொடச்சியே, மூக்கத் தொடச்சியா?" என்பாள். மூக்கில் வெல்லம் ஒட்டியிருக்கும்.

மத்தியானத்தில் என்னோடு தாயம் ஆடுவாள். ஆடினால் ஜெயித்தே தீர வேண்டும் அவளுக்கு. புளியங்கொட்டையைத் தரையில் உருட்டிவிட்டு, நான் எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடி, "ஆறு" என்று வாரிக்கொள்வாள். "அது ஆறில்ல, காட்டுங்கத்த" என்றால், "பெரியவங்க சொன்னா ஆறுதான்" என்பாள். என் காய் எந்தக் கட்டத்தில் நின்றது, நேற்று நிறுத்திய ஆட்டத்தில் யார் முறை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தக் கள்ளாட்டத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாமான் அறைக் கதவுக்கு மேலே உரக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கும். அதில் தாள் கிழிக்கும் உரிமை அத்தைக்கு மட்டும்தான். காலையில் எழுந்து முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஏதோ பூப் பறிப்பது போல நிதானமாகக் கிழிப்பாள். கிழித்த தாள் எனக்கு வரும். நான் அதில் கப்பல் செய்வேன். எங்கள் வீட்டில் அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் கிழமை தெரியும். பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் எனக்குக் கிழமை தெரிய வேறு வழியே இல்லை.

நான் சொல்லும் அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

சித்தி பிள்ளை பெற்று வந்த மூன்றாவது மாதம், குழந்தைக்கு வயிறு உப்பி ஒரே அழுகை. அம்மா வசம்பும் ஜாதிக்காயும் உரசி உரைமருந்து கொடுத்தாள். எனக்கும் அதைத்தான் கொடுத்து வளர்த்தாள். அன்று சாயங்காலமே குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை. ஜெயங்கொண்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாளில் குழந்தை தேறிவிட்டான். ஆனால் அந்தப் பதற்றத்தில் சித்தி ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேருக்கு முன்னால், "அக்கா கையால குடுத்ததுலேர்ந்துதான் இப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டாள். அம்மா அந்த இடத்திலேயே, "ஏன், எங்கையில வெஷமா வச்சிருக்கேன்?" என்றாள். அதோடு சரி. சித்தி மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தனி அடுப்பு மூட்டினாள். அம்மா சமைத்ததைத் தொடமாட்டாள். ஏழு மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

பெண்டாட்டிகள் பேசாவிட்டால் அண்ணன் தம்பி எத்தனை நாள் பேசிக்கொண்டிருக்க முடியும்? அப்பாவும் சித்தப்பாவும் முதலில் முறைத்தார்கள், பிறகு வரப்பில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயலில் இறங்கி நடந்தார்கள். கடைசியில் ஆடி பிறப்பதற்குள் வாசலின் குறுக்கே சுவர் எழுப்பிவிடுவது என்று கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு வண்டிச் செங்கல் வீட்டு முன்னால் வந்து இறங்கியது. அத்தை ஒரு வாரம் இந்த அடுப்பில், ஒரு வாரம் அந்த அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செங்கல் வந்த அன்று இரண்டிலும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் நின்று பொதுவாகச் சொன்னாள். "சிறுவாச்சூருக்கு மாவெளக்குப் போட வேண்டுதல் இருக்கு. கொழந்த பொழச்சதுக்கு வேண்டிக்கிட்டது. விடிஞ்சா வெள்ளிக்கெழம. ரெண்டு பேரும் கெளம்புங்க."

சிறுவாச்சூர் காளி எங்கள் குலதெய்வம். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாளில் அம்மன் மலைக்குப் போய்விடுவாள் என்பார்கள். மாவிளக்கு என்றால் மில்லில் அரைத்த மாவைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. அரிசியை அங்கே போய் ஊறவைத்து, அங்கே இருக்கும் உரலில் இடித்துத்தான் போட வேண்டும். அண்ணன் வந்தால் தம்பி வரமாட்டார், தம்பி வந்தால் அண்ணன் வரமாட்டார் என்பதால் ஆண்கள் யாரும் வரவில்லை. அத்தை, அம்மா, சித்தி, கைக்குழந்தை, நான். அவ்வளவுதான்.

விடிகிற நேரத்தில் கிளம்பும்போது அத்தை வழக்கம்போல் காலண்டரைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். கையில் இரண்டு தாள் இருந்தது. மேலே புதன், அடியில் வியாழன். காலண்டரில் வெள்ளிக்கிழமை பளிச்சென்று நின்றது.

"அத்த, ரெண்டு சேந்து வந்துடுச்சு."

"வந்தா வந்துட்டுப் போவுது. பையில வச்சுக்க."

"அப்ப இன்னிக்கு..."

"பஸ்ஸுல ஜன்னலோரம் வேணுமா, வேணாமா?" என்றாள்.

எனக்கு ஜன்னலோரம் வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ். அம்மா முன் சீட்டில், சித்தி மூன்று சீட்டு தள்ளி, நடுவில் நானும் அத்தையும். கண்டக்டர் ஒவ்வொருவரையும் எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று அத்தை விசாரித்தாள். ஒரு கண்டக்டருக்கு அங்கேயே பெண்ணும் சொன்னாள். பெரம்பலூர் தாண்டியதும் ரோட்டோரப் புளியமரங்களுக்கு நடுவே லாரிகள் எதிர்க்காற்றை அறைந்துவிட்டுப் போயின. எனக்கு அவள் சவ்வுமிட்டாய் வாங்கித் தந்திருந்தாள். பல்லில் ஒட்டிக்கொண்டு பேசவே முடியவில்லை. அதற்காகத்தான் வாங்கித் தந்தாளோ என்று இப்போது தோன்றுகிறது.

கோயில் வாசலில் ஆள் அரவமே இல்லை. கதவு சாத்தியிருந்தது. நிழலில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு வியாழக்கெழமல்ல? நாளைக்குத்தான் நட தொறப்பாங்க" என்றாள்.

அத்தை நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! எம்புத்தியப் பாரேன்! வெள்ளின்னுல்ல நெனச்சேன்!"

நான் அவளையே பார்த்தேன். அவள் மலையைப் பார்த்தாள்.

திரும்பிப் போய் மறுநாள் வரலாம் என்றால் மூன்று பஸ் மாற வேண்டும். குழந்தை ஏற்கெனவே வெயிலில் துவண்டிருந்தான். அத்தை ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, "எனக்குத் தல சுத்துது. இனி ஒரு அடி எடுத்து வக்க முடியாது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டி வந்திருந்தாள், சித்தி இன்னொன்றில் எலுமிச்சைச்சோறு. ஒரே மரத்தடியில் ஆளுக்கொரு திசை பார்த்துச் சாப்பிட்டார்கள். நான் இரண்டிலும் சாப்பிட்டேன். மத்தியானத்தோடு இரண்டு சட்டியும் காலி.

சாயங்காலம் பசி வந்தது. பூக்காரம்மா ஒரு பானை கொடுத்தாள், ஒன்றுதான் இருந்தது அவளிடம். ரோட்டோரக் கடையில் அரிசி பருப்பு வாங்கிவந்தேன். மூன்று கல் வைத்து அம்மா அடுப்பு மூட்டினாள். சுள்ளி ஈரம். புகை குழந்தையின் முகத்துக்குப் போனது. சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, குனிந்து அடுப்பை ஊதினாள். சோறு வெந்ததும் அம்மா பானையை இறக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சித்தி அதிலிருந்து போட்டுச் சாப்பிட்டாள். ஏழு மாதத்துக்கு அப்புறம் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாள். படுத்திருந்த அத்தையின் ஒரு கண் மட்டும் திறந்திருந்ததை நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் அது மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை விடியும்போது கூட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு உரலையும் சுற்றிப் பெண்கள். அத்தை ஊறிய அரிசியைத் துணியில் வடித்து ஒரு உரலில் கொட்டி, இரண்டு உலக்கை வாங்கி வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "எனக்குக் கை நடுங்குது. நீங்களே போடுங்க."

ஒரு உரலில் இரண்டு உலக்கை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி போடும்போது ஒருத்தி எடுக்க வேண்டும். எதிரில் நிற்பவளின் மூச்சைக் கவனிக்காமல் போட முடியாது. முதலில் உலக்கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பக்கத்து உரல்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கணக்கு வந்தது. பச்சரிசி இடிபடும் வாசனை எழுந்தது. மாவு பறந்து இரண்டு பேர் புருவமும் வெளுத்திருந்தது.

உரல் விளிம்பில் சிதறிய அரிசியைத் தள்ளிவிட சித்தி சட்டென்று கையை உள்ளே நீட்டினாள். அம்மாவின் உலக்கை இறங்கிக்கொண்டிருந்தது.

"கையப் பாத்துடீ!"

அம்மா உலக்கையை அப்படியே பக்கவாட்டில் வீசினாள். அது அவளுடைய காலிலேயே விழுந்தது. கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம். சித்தி உலக்கையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அக்கா" என்று அரற்றினாள். முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அம்மா, "வுடுடி, ஒண்ணுமில்ல, ஒனக்குக் கை தப்பிச்சுதுல்ல?" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். வலியில் அழுதாளா, வேறு எதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. மாவு ஒட்டிய முகத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அத்தை மீதி அரிசியைத் தானே இடித்து முடித்தாள். கை நடுங்கவே இல்லை.

வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து, நெய் விட்டு விளக்கு ஏற்றினார்கள். மீதி மாவை அம்மா உருட்டிச் சித்தியின் வாயில் வைத்தாள். திரும்பும்போது மூன்று பஸ்ஸிலும் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கிளம்பிய அன்றே அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் யாரோ, இன்று வியாழக்கிழமை, கோயில் ஏது என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலண்டர் வெள்ளிக்கிழமை காட்டுகிறது. ஒரு நாள் முழுக்கச் சேதி இல்லை. மறுநாள் பொழுது சாயும்போது கந்தல் சுற்றிய காலோடு அம்மா நொண்டிக்கொண்டு இறங்குகிறாள், குழந்தை முகமெல்லாம் வேர்க்குரு. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் நான் சொன்னது.

"அக்காவுக்கு நெனவு தப்ப ஆரம்பிச்சுடுச்சுடா" என்றார் அப்பா.

"ஆமாண்ணே. கெழமகூடத் தெரியலன்னா..." என்றார் சித்தப்பா.

பல மாதத்துக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அந்த வருஷம் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயமும் அதுதான். அப்பா ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க ஒழச்சது போதுங்க்கா. இனிமே ஒக்காந்து சாப்பிடுங்க. சாவிய அவகிட்ட குடுத்துடுங்க."

அம்மாவும் சித்தியும் ஒரே பக்கமாக, தோள் இடிக்க நின்றுகொண்டிருந்ததை அத்தை பார்த்தாள். இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். "ஆமாப்பா, எனக்கும் முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

என் பையில் இரண்டு தாள் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காலண்டர் கிழிக்கும் வேலையை அப்பா அப்போதே எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சுவர் எழவில்லை. செங்கலைக் கிணற்றடியில் துணி துவைக்கும் மேடைக்குப் போட்டார்கள். அடுப்பு ஒன்றானது. அத்தை அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள். சாமான் அறைக் கதவு முன்னால் வந்து நிற்பாள், கை தானாக இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பும். "தெறந்து வுடு தாயி, ஒரு புடி பருப்பு வேணும்" என்று அம்மாவைக் கூப்பிடுவாள். தினமும் காலையில் எல்லாரும் இருக்கும்போது, "இன்னிக்கு என்ன கெழம?" என்று என்னைக் கேட்பாள். நான் சொல்வேன். அப்பா பெருமூச்சு விடுவார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தாயத்தில் மட்டும் கடைசிவரை கள்ளாட்டம் ஆடி என்னை ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. அம்மாவும் சித்தியும் அதே வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ தோன்றி, ஐம்பது வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டு தாள், ஜன்னலோரம், சவ்வுமிட்டாய், எல்லாம். சொல்லி முடித்து, அவர்கள் அதிர்ந்துபோவார்கள் என்று காத்திருந்தேன்.

சித்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் செவ்வாக்கெழம தல முழுவியிருந்தேன். ரெண்டு நாள்ல எப்படிடி வெள்ளி வரும்? பஸ் ஏறறப்பவே எனக்குத் தெரியும்."

"வழியில சந்தைக்கு மாடு போனத நானும் பாத்தேன்" என்றாள் அம்மா. "வியாழக்கெழம சந்த."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வூட்டுக்குத்தான் திரும்பியிருக்கணும். ரெண்டு அடுப்புக்கு" என்றாள் சித்தி. "ஒங்கத்தைக்குக் கெழம தெரியாம நடந்துபோச்சுன்னு இருந்தாத்தான், நான் எறங்கி வந்தேனா, அக்கா எறங்கி வந்தாங்களான்னு பேச்சு வராது."

"சரி, சாவி வாங்குறப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காம்பைத் தனியே போட்டாள், இலையைத் தனியே போட்டாள். பிறகு சொன்னாள்.

"சாவி இடுப்புல நல்லா இருந்துச்சுடி."

எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல், பதினோரு வருஷம் அவளை அந்தக் கதவு முன்னால் நிற்க வைத்திருந்தோம். மறுநாள் காலையில் அம்மாவே என்னை எழுப்பினாள். ஒரு படி பச்சரிசியைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். "கார் சொல்லு, சிறுவாச்சூர் போவணும்" என்றாள். "இன்னிக்கு வியாழக்கெழமம்மா" என்றேன். அவள் காதில் வாங்காதது போலப் புடவையைச் சரி செய்துகொண்டாள். இடுப்பில் அந்தப் பித்தளை வளையம் இருந்தது. சாவிகளெல்லாம் எப்போதோ போய்விட்டன, ஒன்று மட்டும் மிச்சம். எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது.

புளியமரங்கள் இல்லை, ரோடு அகலமாகிவிட்டது, கார் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது. கோயில் வாசலில் ஆள் அரவம் இல்லை. அம்மா சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கோணல் நகம் முளைத்த அந்தக் காலை மெதுவாக ஊன்றி நடந்து, சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பாட்டி, இன்னிக்கு வியாழக்கெழம. கோயில் கெடையாது. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

அம்மா இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கதவைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும்."